குளிர்பெட்டிக்குள் எங்கள் ஊர்ச் சூடு

எங்கள் வீட்டில் ஒரு பிரிட்ஜ் இருந்தது. அதைத் திறந்தால் முகத்தில் வெதுவெதுப்பு அடிக்கும். இதைச் சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எண்பதுகளின் நடுவில், டில்லி கிட்வாய் நகரில் எங்கள் இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில், ஒரு ஜனவரி மாதம் அந்தப் பெட்டிக்குள்தான் ஒரு பெண்ணின் மானம் உட்கார்ந்திருந்தது.

முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் எலெக்ட்ரீஷியன். ஃபியூஸ் மாற்றுவதும் ஃபேன் மாட்டுவதும்தான் சம்பளத்துக்கான வேலை. சொந்த வேலை சாயங்காலம் ஆறு மணிக்குமேல் ஆரம்பிக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு செங்கோட்டைப் பக்கத்துச் சந்தைக்குப் போய்விடுவார். அங்கே தரையில் சாக்கை விரித்து, ஊரில் கழித்துப்போட்ட சாமான் எல்லாம் கொட்டி வைத்திருப்பார்கள். உடைந்த ரேடியோ, வாயில்லாத டேப் ரிக்கார்டர், ஏதோ மிஷினின் குடல். அதில் குந்தி உட்கார்ந்து, காய்கறி பொறுக்குகிற மாதிரி பொறுக்கிக்கொண்டு வருவார். எதையும் கெட்டுப்போனது என்று சொல்லமாட்டார். "இன்னும் கேட்டுப் பாக்கணும்ளா" என்பார். அதாவது, அதனிடம் என்ன நோவு என்று இன்னும் கேட்கவில்லையாம். நானும் நாற்பது வருஷம் பார்த்தேன். அவர் கேட்டுப் பதில் சொல்லாத சாமான் ரொம்பக் கொஞ்சம்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை பையிலிருந்து ஒரு பச்சைப் பலகையை எடுத்தார். பூரிப் பலகை அகலம்கூட இருக்காது. மேலே மரவட்டை மாதிரிக் கால் வைத்த கறுப்புப் பூச்சிகள், கீழே கணக்கு மிஷினில் இருப்பது போலக் கட்டைகள், ஓரத்தில் சிவப்பாய் எண் காட்டுகிற ஆறு கண்ணாடி. எங்கேயோ பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வைத்திருந்து கழித்ததாம்.

"இது என்னது?"

"கம்ப்யூட்டர்."

"கம்ப்யூட்டர்னா டிவிப் பெட்டி மாதிரி இருக்கும்பாகளே?"

"அது சட்டை போட்ட கம்ப்யூட்டர். இது அம்மணமா இருக்கு. அவ்வளவுதான்."

ஒரு வாரம் அதைக் கேட்டார். எட்டாம் நாள் ஆறு கண்ணாடியும் சிவப்பாய் எரிந்தன. அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டியபோது, அவர் முகத்தில் நான் எங்கள் மகன் பிறந்தபோது பார்த்த அதே வெளிச்சம்.

அந்தப் பலகையில் ஒரு குறை இருந்தது. கரண்ட் போனால் சொல்லிக்கொடுத்தது எல்லாம் மறந்துவிடும். மறுபடி ஒவ்வொரு எண்ணாய்த் தட்டித் தட்டிச் சொல்லவேண்டும். டில்லியில் கரண்ட் போகாத நாள் உண்டா? மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறினால் மணி அடிக்கும்படி முதலில் அதைப் பழக்கினார். அவர் ஆபீஸில் இருக்கும்போது கரண்ட் போனால் மணி அடிக்காது, தண்ணீர் வீணாய்க் கொட்டும். ஒருநாள் வெறுத்துப்போய்ச் சொன்னேன், "அந்தத் தாளை இங்க வச்சிட்டுப் போங்க, நானே தட்டுதேன்."

நான் ஊரில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழே எழுத்துக்கூட்டித்தான். எண் தெரியும். அந்தப் பலகைக்கு எண்ணோடு இங்கிலீஷ் எழுத்து ஆறும் வேண்டும், ஏ-யில் தொடங்கி எஃப் வரைக்கும். ஆறே எழுத்துதானே, இரண்டு நாளில் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அந்த ஆறு எழுத்துதான். பஸ் போர்டு படிக்க அது உதவாது. கம்ப்யூட்டருக்குப் போதும்.

இனி அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். எங்கள் முன்னறையில் ஒரு நர்ஸ் குடியிருந்தாள். நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். தாய் தகப்பன் இல்லை. வேலைக்குப் போகும்போது அவள் வெள்ளை உடுப்பில் ஒரு சுருக்கம் பார்க்கமுடியாது. என்னை அக்கா என்பாள், இவரை அண்ணாச்சி என்பாள். அவளுக்கு மோதி பாகில் இருந்த ஒரு தமிழ் வாத்தியாரோடு கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளையை வளர்த்தது அவருடைய அத்தை. பாளையங்கோட்டையிலிருந்து டிசம்பரிலேயே வந்து இறங்கிவிட்டார்.

பெண் பார்க்க அந்த அம்மா வந்த அன்று நான் இட்லி வைத்தேன். டிசம்பர் டில்லி. மாவைக் கம்பளியில் சுற்றி, ரஜாயைப் போர்த்தி, அங்கீட்டிக் கரியடுப்பு ஓரத்தில் வைத்து, இரண்டு நாள் கெஞ்சினாலும் ஒரு குமிழி விடாது. இங்கே இருக்கிற தமிழ் வீடு எல்லாவற்றுக்கும் தெரிந்த கஷ்டம்தான். அந்த அம்மா ஒரு இட்லியை எடுத்தார், விரலால் அமுக்கினார், தட்டில் போட்டார். 'டொக்' என்று சத்தம் கேட்டது.

"ஏம்மா, இத எறிஞ்சா செவுத்துல பட்டுத் திரும்பி வரும்லா?"

நான் சிரித்து மழுப்பினேன். அதோடு விட்டாரா?

"கல்யாணத்துக்கு முந்தின நாள் பொண்ணு வீட்டுச் சாப்பாடு உண்டும். எங்க சனம் அறுபது பேரு ரெண்டு நா ரயில்ல வந்து எறங்குவாக. அவுகளுக்கும் இதத்தான் வைக்கப் போறீகளா? பேசாம ரொட்டி வாங்கி வச்சிருங்க. கேக்க ஆளில்லாத பிள்ளை, என்ன செய்ய முடியும்!"

அந்தக் கடைசி வார்த்தைதான் சுட்டது. வந்தவர்கள் போனபிறகு அந்தப் பெண் அடுப்படியில் நின்று அழுதாள். "எனக்கு ஆளில்லன்னுதானே அக்கா இப்பிடிப் பேசுறாவ? போற வீட்டுல காலம் பூரா சொல்லிக் காட்டுவாவளே."

"யாரு சொன்னா ஒனக்கு ஆளில்லன்னு?" என்றேன். "அன்னைக்கு இட்லிதான். பஞ்சு மாதிரி இட்லி. அந்த அம்மா வாயாலயே இன்னும் ரெண்டு வைங்கன்னு கேக்க வைக்கேன்."

சொல்லிவிட்டேன். சொன்னபிறகுதான் நாள் நினைவுக்கு வந்தது. கல்யாணம் ஜனவரியில். டிசம்பராவது குளிர். ஜனவரியில் தேங்காயெண்ணெய் பாட்டிலே கல்லாகிவிடும்.

முற்றத்தில் உட்கார்ந்து ஈயத்தைப் பத்தவைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"மாவு எவ்வளவு சூட்டுலளா பொங்கும்?"

"நம்ம ஊரு சூட்டுல."

"அது எத்தனை?"

"எத்தனைன்னா? கைய வச்சாத் தெரியும்."

அவர் ரொம்ப நேரம் என் கையையே பார்த்தார். அப்போது எனக்கு விளங்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஒரு தள்ளுவண்டியில் பிரிட்ஜ் வந்தது. மோட்டார் செத்துப்போன பெரிய பிரிட்ஜ். பழைய சாமான் வாங்குகிற கபாடிக்காரன் வீட்டு வாசலில் கிடந்ததாம். எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மா ஓடிவந்து, "பெஹன்ஜி, இந்தக் குளிரில் யாராவது பிரிட்ஜ் வாங்குவார்களா?" என்று இந்தியில் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் கோபம்தான். ஆனால் இவர் சொன்னார்: "குளிர வெளிய விடாத பெட்டி சூட்டையும் வெளிய விடாதுல்லா." அவ்வளவுதான் சொன்னார். இதை ஏன் இத்தனை வருஷம் எங்களில் ஒருத்தரும் நினைக்கவில்லை?

மோட்டாரைக் கழற்றி ஓரமாய் வைத்தார். உள்ளே இரண்டு பல்பு மாட்டினார். பழைய ரேடியோவின் டிரான்ஸ்பார்மர் பெட்டிக்கு மேலே உட்கார்ந்தது. அதன் பக்கத்தில், ஒரு டெலிபோன் மிஷினிலிருந்து எடுத்த ரிலே, பல்பை ஏற்றி அணைக்க. சூடு அறிகிற, மிளகு அளவு ஒரு மணியை ஒயரில் கட்டி உள்ளே தொங்கவிட்டார். சூடு ஏறினால் அந்த மணி பலகைக்குச் சொல்லும், பலகை பல்பை அணைக்கும். சூடு இறங்கினால் மறுபடி ஏற்றும். பலகையை எங்கே வைப்பது என்று யோசித்து, வெளியே வைத்தால் யார் கையாவது படும் என்று உள்ளேயே, அடியில் காய்கறி வைக்கிற இடத்தில், ஒரு மரக்கட்டை மேல் வைத்தார்.

பாக்கி இருந்தது, எந்தச் சூட்டில் நிறுத்துவது என்பது. அதற்குத்தான் என் கை. ஒரு சட்டியில் வெந்நீர் வைத்து அந்த மணியையும் அதில் போட்டார். புறங்கையைச் சட்டிமேல் வை, நம்ம ஊர்ச் சூடு வந்ததும் சொல்லு என்றார். தண்ணீர் ஆற ஆற நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். "இப்ப" என்றேன். பலகை காட்டிய எண்ணை எழுதிக்கொண்டார். மறுபடி சுடவைத்தார். மறுபடி "இப்ப". இப்படி நாலு தடவை. நாலாம் தடவை எழுதியபிறகு தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, தப்பாச் சொல்லிட்டேனா?"

"மூணு தடவை ஒரே எண்ணுளா. ஒரு தடவைதான் ஒண்ணு கூட. கடையில வாங்குத தெர்மாமீட்டரே இப்பிடிச் சொல்லாது."

கைவேலை தெரிந்த மனிதர் அவர். அவர் வாயில் அந்தப் பாராட்டு வந்ததே, அதை நான் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. அந்த எண் பலகைக்குள் போனது. என் கை அதற்குள் இருந்தது என்றுதான் நான் வைத்துக்கொண்டேன்.

ஒரு சின்னப் போணியில் இரண்டு கை மாவு வைத்துச் சோதித்தோம். காலையில் பார்த்தால் ஆடி மாதத்து மாவு மாதிரி பொங்கி, ஊசி ஊசியாய்த் துளை விட்டு நிற்கிறது. அந்தப் பெண் பலகையைக் கும்பிடாத குறை.

அறுபது பேருக்கு நாலு பெரிய போணி மாவு வேண்டும். பெட்டியில் இரண்டுதான் கொள்ளும். சரி, முந்தின சாயங்காலம் அரைத்து இரண்டு வைத்து, காலையில் அதை எடுத்துவிட்டு மற்ற இரண்டையும் வைத்தால், சாப்பாட்டு நேரத்துக்கு எல்லாம் பொங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன். அரைத்தேன். போணியில் ஊற்றினேன். விளிம்பு வரைக்கும் ஊற்றினேன்.

தப்பு அங்கேதான் நடந்தது. ஊரில் இருந்தவரை முக்கால் போணிக்குமேல் நான் ஊற்றியதில்லை, எந்தப் பெண்ணும் ஊற்றமாட்டாள். பன்னிரண்டு டில்லிக் குளிர்காலம் பொங்காத மாவோடு குடித்தனம் செய்து, குளிர்நாளில் இடம் விடுகிற புத்தி என் கையைவிட்டே போயிருந்தது. சூட்டை நினைவு வைத்திருந்த கை, இதை மறந்துவிட்டது.

விடிந்ததும் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருட்டு. பல்பு எரியவில்லை. இரண்டு போணியும் குடை பிடித்த மாதிரி பொங்கி, வழிந்து, தட்டுக் கம்பி வழியாய் இறங்கி, அடியில் வெள்ளைக் குளம். குளத்துக்கு நடுவில் பலகை. கட்டைகூடத் தெரியவில்லை.

"ஏங்க" என்று ஒரு சத்தம்தான் போட்டேன்.

அவர் வந்து பார்த்தார். தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டேன்.

"நான்தான் விளிம்பு வரைக்கும் ஊத்திட்டேன்."

"நான்தான் பலகைய அடியில வச்சேன். பொங்கும்னு தெரிஞ்சுதானே பெட்டி செஞ்சேன்? பொங்குனா எங்க போகும்னு நினைச்சேனா, மடையன்!"

முன்னறையிலிருந்து அந்தப் பெண் வந்து எட்டிப் பார்த்தாள். அரைத்து வைத்திருந்த மற்ற இரண்டு போணியையும் பார்த்தாள். அவை குளிரில் செத்துக் கிடந்தன. முப்பது பேருக்குப் பஞ்சும் முப்பது பேருக்குக் கல்லுமாகவா வைப்பது? அந்த அத்தை தட்டில் எது விழும்?

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாது. "எந்திரிங்க" என்றேன். "பாத்திரத்துல மாவு ஒட்டுனா என்ன செய்வோம்? கழுவுவோம். இதையும் கழுவணும்."

"கம்ப்யூட்டரயா?"

"நீங்கதானே சொல்லுவீக, இன்னும் கேட்டுப் பாக்கணும்னு. கேளுங்க."

அவர் எழுந்தார். பிறகு பெட்டிக்கு மேலே இருந்த ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். கம்பி அறுந்திருந்தது. "நல்லவேளை, மாவு பட்டதும் இது போயிருக்கு. பலகைக்கு உயிர் இருந்தாலும் இருக்கும்" என்றார். அந்தச் சொல்லுக்கே எனக்குப் பாதி உயிர் வந்தது.

பல்பை நேராக ஒரு சுவிட்சில் மாட்டிக்கொடுத்தார். குளத்தைத் துடைத்து, பொங்கின போணியை எடுத்துவிட்டு, இந்தத் தடவை முக்கால் மட்டத்துக்கு மாற்றி ஊற்றி மற்றதை வைத்தேன். அந்தப் பெண்ணைப் பெட்டிப் பக்கத்தில் உட்காரவைத்து, "சூடு கூடினா அணை, குறைஞ்சா போடு" என்றேன். ஜுரம் பார்த்துப் பழகின கை. கல்யாணப் பெண், மறுநாள் சர்ச்சுக்குப் போகவேண்டியவள், ஒரு முக்காலியில் உட்கார்ந்து இட்லி மாவுக்கு நாடி பிடித்தாள்.

இவர் அந்தக் கறுப்பு மரவட்டைகளைக் கத்தி முனையால் ஒவ்வொன்றாய் நெம்பி எடுத்து, எது எங்கே இருந்ததோ அதே வரிசையில் தாம்பாளத்தில் வைத்தார். ஒரு காலாவது வளையவேண்டுமே! பூத் தொடுக்கிறவர்கள்கூட அவ்வளவு மெதுவாய்த் தொடமாட்டார்கள். நான் பலகையை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, புது டூத் பிரஷ்ஷால் குத்துவிளக்குக் கழுவுகிற மாதிரி இடுக்கு இடுக்காய்க் கழுவினேன். துடைத்து, முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் மோர்மிளகாய்க்குப் பக்கத்தில் வைத்தோம். அன்றைக்கு மூடுபனி இல்லாமல் சுள்ளென்று வெயில் அடித்தது.

எதிர்வீட்டு அம்மா தலையை நீட்டி, "பெஹன்ஜி, இதுவும் ஊறுகாயா?" என்றாள்.

நடுவில் அந்தப் பெண் கூப்பிட்டாள். "அக்கா, கை ஓஞ்சு போச்சு. அந்தப் பலகை எப்பிடி ராத்திரி பூரா முழிச்சிருந்து இதச் செஞ்சுது?" நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சாம்பார், இரண்டு சட்னி, கேசரி எல்லாம் பாக்கி. வேலை செய்ய நாங்கள் மூன்று பேர். பலகை எழுந்தால்தான் சமையலுக்குக் கை மிச்சம்.

பன்னிரண்டு மணிக்குப் பலகை காய்ந்தது. மரவட்டைகளை இவர் திரும்ப உட்காரவைத்தார். பெட்டிக்குமேலே, உயரத்தில், ஒரு மரத் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தார். பல்பு ஒயரை மறுபடி ரிலேயில் மாட்டிப் புது ஃபியூஸ் போட்டார். சுவிட்சைப் போடச் சொல்லி என்னிடம் சைகை காட்டினார்.

ஒன்றும் வரவில்லை. அவர் ஒரு மரவட்டையை விரலால் மெதுவாய் அழுத்தினார். கண்ணாடியில் ஒரு சிவப்புக் கோடு. பிறகு ஆறும் எரிந்தன. அந்தப் பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் முருகா என்றேன்.

அதற்குள், சனத்தை அழைத்துவர இவரோடு ஸ்டேஷனுக்குப் போக மாப்பிள்ளை வந்து வாசலில் நின்றார். "அண்ணாச்சி, ரயிலுக்கு நேரமாச்சு." பலகைக்கோ எல்லாம் மறந்துபோய்விட்டது, முதலிலிருந்து சொல்லவேண்டும். இவர் அங்கேயும் இங்கேயும் பார்த்தார்.

"நீங்க போங்க. நான் தட்டுதேன்" என்றேன்.

"புதுத் தாள்ளா. தண்ணி மணி மாதிரி இல்ல, நீளம். ஒண்ணு தப்பினாலும்..."

"போங்கன்னேன்லா."

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவர் பென்சிலால் எழுதியிருந்தது. அந்தப் பெண் ஒரு விரலைத் தாளில் வைத்து வரிசையாய் வாசிக்க, நான் தட்டினேன். எண், எழுத்து, எண், எண். இரண்டு இரண்டாய்த் தட்டியதும், அடுத்ததற்குப் போக ஒரு கட்டை. அடுப்பில் கடுகு வெடிக்கிறது, நான் திரும்பவில்லை. கடைசி வரிக்கு முந்தின வரியில் அவர் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். அது என் கை சொன்ன எண். அதை மட்டும் அவள் வாசிக்கும் முன்னாலேயே தட்டினேன்.

கடைசிக் கட்டையை அமுக்கினேன். மேலே ரிலே 'டிக்' என்றது. பெட்டிக் கதவு இடுக்கில் வெளிச்சம் வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி 'டிக்'. வெளிச்சம் அணைந்தது. நான் கதவைத் திறந்து புறங்கையை வைத்தேன். எங்கள் ஊர்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அறுபது பேரும் வந்து இறங்கினார்கள். வாசல் புல்வெளியில் ஷாமியானா. வாயைத் திறந்தால் புகை வருகிற குளிர். இட்லி ஈடு ஈடாய் இறங்கியது. முதல் ஈட்டிலிருந்து நானே நாலு இட்லி எடுத்துப்போய் அத்தை இலையில் வைத்தேன். அமுக்கிப் பார்த்தார். விரல் உள்ளே போய் வந்தது, இட்லி எழும்பியது. சட்னி தொடாமல் ஒரு விள்ளல் வாயில் போட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். நாலும் போனது.

"ஏம்மா, என்ன பாத்துக்கிட்டு நிக்க? இன்னும் ரெண்டு வையி."

அந்தப் பெண் கம்பத்துக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேருமே அழுதிருப்போம்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் அத்தை நேராக அடுப்படிக்கு வந்துவிட்டார். "இந்தக் குளிருல மாவு எப்பிடிப் பொங்குச்சு? என்ன போட்ட, சோடா உப்பா?"

நான் பிரிட்ஜைக் காட்டினேன்.

"பிரிட்ஜுலயா! என்னத்தையோ மறைக்கெ" என்று கதவை இழுத்துத் திறந்தார். வெதுவெதுப்பு அடித்து அவர் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துபோனது. மேலே 'டிக்' என்றது. பயந்து ஒரு எட்டு பின்னால் வந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டு, சிவப்பாய் எரிகிற எண்களை அண்ணாந்து பார்த்தார்.

"இத யாரு செஞ்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் சொன்னாள், "எங்க அண்ணாச்சி செஞ்சது, அத்தை. சூடு சொன்னது எங்க அக்கா கை."

அத்தை வளையலை மேலே ஏற்றிக்கொண்டார். புறங்கையை, நான் எப்படி வைப்பேனோ அதே மாதிரி, பெட்டிக்குள் மீதியிருந்த போணிமேல் வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். அடுப்படிக் கதவுப் பக்கத்தில் இவர் தோளில் துண்டோடு, பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"சரியாத்தான் இருக்கு" என்றார் அத்தை. "வைகாசிச் சூடு." கையை எடுக்கவில்லை.